வாசலுக்கு வரும் வெங்காயம்

கிளிநொச்சி மாவட்டத்தில், ஏ9 வீதியிலிருந்து நெடுந்தூரம் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு மீள்குடியேற்றக் கிராமத்துக்கு மாதத்தில் இரண்டு தடவை வேலை நிமித்தம் போய் வருகிறேன். அங்கே ஓர் அக்கா இருக்கிறார். ஊரில் எல்லோரும் அவரைச் 'சீனிச்சம்பல் அக்கா' என்றுதான் அழைப்பார்கள். பெயர் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இந்தக் கட்டுரையிலும் அப்படியே இருக்கட்டும். 2009 ஆம் ஆண்டின் இறுதி யுத்தத்தில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். கணவரையும் அதே நாட்களில் இழந்தார். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் திருமணமாகிப் போய்விட்டாள், இளையவள் உயர்தரம் படிக்கிறாள்.

அக்காவின் வருமானம் சீனிச்சம்பலில் இருந்து வருகிறது. வெங்காயத்தை மெல்லியதாகச் சீவி, எண்ணெயில் நிதானமாக வதக்கி, செத்தல் மிளகாய்த்தூள், மாசி, புளி, கறுவா, இறம்பை, கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து, கடைசியில் சீனி போட்டு இறக்குவார். சின்னச் சின்னப் பைக்கற்றுகளாகக் கட்டி இரண்டு தேநீர்க் கடைகளுக்கும் ஒரு பேக்கரிக்கும் கொடுக்கிறார். பாணுக்குள்ளும் பணிசுக்குள்ளும் வைப்பதற்கு அது போகிறது. செய்தவர்களுக்குத் தெரியும், சீனிச்சம்பலில் முக்கால்வாசி வெங்காயம்தான். வெங்காயம் நன்றாக இருந்தால் லாபம். வெங்காயம் கெட்டால் அந்தக் கிழமை கடன்காரருக்குப் பதில் சொல்ல வேண்டிய கிழமை.

கிழமைக்கு ஐந்து கிலோ வெங்காயம் வேண்டும். செயற்கைக் கால் போட்டுக்கொண்டு பஸ் தரிப்பிடம் வரை நடந்து, ஏறி, இறங்கி, சந்தைக்குள் சேற்றில் நின்று, ஐந்து கிலோவையும் தூக்கிக்கொண்டு திரும்புவது முடியாத காரியம். அதனால் நகரத்தில் இருக்கும் ஒரு பலசரக்குக் கடைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவார். கடையில் வேலை செய்யும் தம்பி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து படலையடியில் வைத்துவிட்டுப் போவான். மாத முடிவில் காசு. கொப்பியில் கணக்கு.

வீட்டுக்குப் பொருள் வருவது வசதியுள்ளவர்களின் சொகுசு என்று பலர் நினைக்கிறார்கள். கொழும்பில் அப்படியும் இருக்கலாம். எங்கள் பக்கத்தில் அதை அதிகம் தேவைப்படுபவர்கள் நடக்க முடியாதவர்கள், படுக்கையில் ஒருவரை விட்டுவிட்டு வெளியே போக முடியாதவர்கள், கைக்குழந்தையோடு தனியே இருப்பவர்கள். இவர்களில் எத்தனை பேர் பெண்கள் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா?

ஒரு நாள் நான் போனபோது அக்கா திண்ணையில் வெங்காயத்தைக் கொட்டி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

"என்னக்கா?"

"பார் பிள்ளை. போன முறையும் இப்பிடித்தான். அதுக்கு முதல் முறையும் இப்பிடித்தான்."

மேலே இருந்தவை நல்ல வெங்காயம். கீழே இருந்தவற்றில் சிலவற்றின் கழுத்து நைந்திருந்தது. சிலவற்றின் மேல்தோலை உரித்தால் உள்ளே கரி பூசியது போலக் கறுப்புத் தூள். நான்கைந்து முளைத்திருந்தன. மூன்று வெங்காயம் கையில் எடுத்தவுடனேயே தண்ணீர் விட்டன. நாற்றம் வேறு.

"கடைக்குச் சொல்லலாமே அக்கா" என்றேன்.

"சொல்லி? அவர் கோவிச்சுக்கொண்டு கொப்பியை மூடினால் நான் ஆரிட்டைப் போறது? நீ ஒருக்கா வந்து சொல்லிப்போட்டுப் போயிடுவாய்."

அந்தக் கடைசி வசனம் எனக்கு. நியாயமான வசனம்தான்.

அடுத்த முறை போகும்போது ஒரு தொங்கு தராசு வாங்கிக்கொண்டு போனேன். கொழுவிப் பிடித்தால் எண் காட்டும் சின்ன மின்தராசு. அன்று வந்த வெங்காயத்தை இருவரும் நிறுத்தோம். ஐந்து கிலோ என்று கொப்பியில் எழுதியிருந்தது, தராசு 4 கிலோ 650 கிராம் காட்டியது. நம்ப முடியாமல் பக்கத்து வீட்டில் இருந்து பிரிக்காத ஒரு கிலோ சீனிப் பைக்கற்றை வாங்கிக் கொழுவிப் பார்த்தோம். தராசு சரி. பிறகு அழுகலையும் நைந்ததையும் பிரித்து வைத்து மிச்சத்தை நிறுத்தோம். 4 கிலோ 150 கிராம்.

விலைக் கணக்கை இங்கே சொல்ல வேண்டும். வெங்காய விலை நீங்கள் இதை வாசிக்கும் நாளில் எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆகவே கணக்குக்காகக் கிலோ 400 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கிலோ 2000 ரூபா. கொண்டுவந்து தரும் கூலி 200 ரூபா. மொத்தம் 2200. சட்டிக்குள் போகக்கூடியது 4 கிலோ 150 கிராம் என்றால், உண்மையில் ஒரு கிலோவுக்கு 530 ரூபா விழுகிறது. கொப்பியில் 400, சட்டியில் 530.

அப்படியானால் சந்தைக்கே போய்விடலாமா? சந்தையில் கிலோவுக்கு 20 ரூபா கூட என்றே வைப்போம், 2100. முச்சக்கர வண்டி போய்வர 1200. தெரிந்தெடுத்து வாங்குவதால் கழிவு மிகக் குறைவு, ஒரு நூறு கிராம் என்று வைத்தாலும் கிலோ 670 ரூபாவுக்கு மேல் வருகிறது. பஸ்ஸில் போய்வரக் கூடிய ஒரு பெண்ணுக்கு அதே வெங்காயம் 450 ரூபா அளவில் முடிந்துவிடும். அக்காவுக்குப் பஸ் இல்லை. ஆகவே அழுகலும் நிறைக் குறைவும் சேர்ந்தாலும் படலையடிக்கு வரும் வெங்காயம்தான் அவருக்கு மலிவு. இதை அக்கா அறிவார். கடைக்காரரும் அறிவார். நான் அதுவரை அறியவில்லை. 'ஏமாற்றுகிறார்கள், கடையை மாற்றுங்கள்' என்று சொல்லிவிட்டு வருவதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

கடைக்காரர் சொன்னது

அக்காவின் சம்மதத்தோடு, அவருடைய பெயரைச் சொல்லாமல், அந்தக் கடைக்குப் போனேன். சண்டைக்கு அல்ல. அறுபது வயது மதிக்கத்தக்க ஐயா. நான்கு தடவை இடம்பெயர்ந்து, நான்கு தடவையும் கடை இழந்து, ஐந்தாவது கடை இது என்றார். வெங்காயத்தைப் பற்றிக் கேட்டவுடன் எழுந்து உள்ளே கூட்டிக்கொண்டு போய் ஒரு மூட்டையைக் காட்டினார்.

"இதைப் பாருங்கோ பிள்ளை. மொத்த வியாபாரி தந்தது. மேலை நல்லது, நடுவிலை நைஞ்சது. திருப்பிக் குடுக்கேலாது. குடுத்தால் அடுத்த லொறியிலை எனக்குச் சாமான் ஏறாது."

நிறைக் குறைவுக்கு அவர் சொன்ன காரணம் வேறு. ஓடர்கள் வரும் என்று முன்கூட்டியே ஐந்து கிலோ, இரண்டு கிலோ என்று நிறுத்துக் கட்டி வைத்துவிடுகிறார்கள். ஈர வெங்காயம் நாலைந்து நாள் கிடந்தால் காய்ந்து நிறை இறங்கும். வாடிக்கையாளர் வந்து நின்றால் புதிதாக நிறுத்துக் கொடுப்பார்கள். வராதவருக்குக் கட்டி வைத்தது போகும். அழுகலும் அப்படியே. கடைக்கு நேரில் வருபவர் நல்லதைத் தெரிந்தெடுத்துவிட்டுப் போனால் மிச்சம் யாருக்குப் போகும்?

ஐயா கெட்ட மனிதர் அல்லர். 2020 பங்குனி மாதம் 20 ஆம் திகதி கொரோனாவுக்காக நாடு முழுவதும் ஊரடங்கு போட்டபோது, அனுமதிப் பத்திரம் எடுத்து வீடு வீடாகச் சாமான் கொண்டுபோய்க் கொடுத்தவர். அந்தப் பழக்கத்தில்தான் இந்தத் தொலைபேசி ஓடர் தொடங்கியது. 2022 இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் சைக்கிளில் அனுப்பினாராம். ஆனாலும் அழுகல் வெங்காயம் யாரோ ஒருவர் தலையில் விழத்தான் வேண்டும். மொத்த வியாபாரி கடைக்காரர் தலையில் போடுகிறார், கடைக்காரர் நேரில் வராதவர் தலையில் போடுகிறார். நேரில் வராதவருக்குக் கீழே யாரும் இல்லை. அக்கா அந்த அழுகலை வாழை மரத்தடியில் கொட்டுகிறார்.

சமூகவியல் வகுப்பில் சந்தையைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தோம். ஒரு வெங்காயச் சாக்கை அடிவரை பிரித்துப் பார்க்க யாரும் சொல்லித் தரவில்லை.

எங்கள் வெங்காயமும் வந்த வெங்காயமும்

இந்த விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்று பல சகோதரிகள் கேட்கிறார்கள். நாம் பெரும்பாலும் வாங்கும் பெரிய வெங்காயத்தை, பழைய ஆட்கள் இன்றும் 'பம்பாய் வெங்காயம்' என்று சொல்வதை, இலங்கை பெருமளவில் இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்கிறது. அங்கே விளைச்சல் குறைந்து விலை ஏறினால் அந்த நாட்டு அரசு தன் மக்களுக்காக ஏற்றுமதியை நிறுத்திவிடும். 2019 புரட்டாதியிலும் 2020 புரட்டாதியிலும் நிறுத்தியது. 2023 மார்கழியில் மறுபடி நிறுத்தி 2024 வைகாசியில்தான் திறந்தது. இடையில் சித்திரை மாதக் கடைசியில் இலங்கை உட்பட ஆறு நாடுகளுக்கு மட்டும் ஓர் அளவு அனுப்ப இணங்கியது. அந்த மாதங்களில் பாகிஸ்தான், சீன வெங்காயங்கள் வந்ததை நீங்கள் கண்டிருப்பீர்கள். சீனிச்சம்பல் அக்கா அந்த நாட்களில் இரண்டு கிழமை அடுப்பை மூட்டவில்லை. வெங்காய விலைக்குப் பைக்கற்று விலையை ஏற்றினால் தேநீர்க் கடை வாங்காது.

நம் நாட்டுப் பெரிய வெங்காயம் மாத்தளை, அனுராதபுரம் பக்கங்களில் ஆவணி தொடங்கி ஐப்பசி வரை அறுவடையாகும். அந்த நேரத்தில் உள்ளூர்ச் செய்கையாளரைக் காப்பதற்கென்று இறக்குமதி வெங்காயத்துக்கு விசேட பண்ட வரியைக் கூட்டுவதும், பிறகு நுகர்வோருக்காகக் குறைப்பதும் வழமை.

சின்ன வெங்காயத்தின் கதை எங்கள் வீட்டுக் கதை. என்னுடைய அப்பப்பா வலிகாமத்தில் செம்மண் தோட்டம் செய்தவர். 1970 இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாரின் அரசு மிளகாய், வெங்காயம் போன்றவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் கையில் காசு புழங்கியது. எங்கள் ஊரில் அந்த ஏழு வருடத்தில் கட்டிய கல்வீடுகளை 'வெங்காய வீடு', 'மிளகாய் வீடு' என்று பகிடியாகச் சொல்வார்கள். 1977 இல் அரசு மாறி இறக்குமதி திறக்கப்பட்டது. விலை விழுந்தது. அதற்குப் பிறகு யுத்தம். பொருளாதாரத் தடை, எரிபொருள் இல்லாமல் இறைப்பு நின்றது, விளைந்ததைக் கொழும்புக்கு அனுப்ப வழி இல்லை. 1995 ஐப்பசியில் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் வெளிக்கிட்டபோது அப்பப்பா கொட்டிலில் பிடி பிடியாகக் கட்டித் தூக்கியிருந்த விதை வெங்காயத்தைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தாராம். அம்மம்மாவின் நகைப்பெட்டியை எடுக்க மறந்ததை அவர் அவ்வளவாகச் சொல்லிக் கவலைப்பட்டதில்லை. அம்மம்மா சொன்னார், வேண்டிய அளவு.

இன்றும் உரும்பிராய், நீர்வேலி, புத்தூர், அச்சுவேலிப் பக்கங்களில் சின்ன வெங்காயம் விளைகிறது. நட்டு ஏறக்குறைய இரண்டு, இரண்டரை மாதத்தில் கிண்டிவிடலாம். இந்தச் சிவந்த சின்ன வெங்காயத்தில் செய்யும் சீனிச்சம்பலின் ருசி பெரிய வெங்காயத்துக்கு வராது என்பது அக்காவின் தீர்ப்பு. உரிக்கும் வேலைதான் கூட.

படலையடியில் நின்று பார்ப்பது

நேரில் போய்த் தெரிந்தெடுக்க முடியாவிட்டாலும் வந்த இடத்தில் பார்க்கலாம். கொண்டுவந்த தம்பி போவதற்கு முன் பார்க்க வேண்டும், அதுதான் முக்கியம். அவன் போன பிறகு பார்ப்பதற்குப் பெயர் முறைப்பாடு. அவன் நிற்கும்போது பார்ப்பதற்குப் பெயர் சாமான் வாங்குதல்.

முதலில் பையின் அடியைப் பாருங்கள், மேலே பார்க்க வேண்டாம். ஒரு சுளகில் தலைகீழாகக் கொட்டிவிட்டால் முடிந்தது. வெங்காயத்தின் கழுத்தைப் பெருவிரலால் அழுத்துங்கள். நன்றாகக் காய்ந்த வெங்காயத்தின் கழுத்து இறுகி மெலிந்திருக்கும். கழுத்து தடித்து மெத்தென்று இருந்தால் அது சரியாகக் காயாத வெங்காயம், அழுகல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். கையில் எடுத்தால் உருவத்துக்கு ஏற்ற கனம் இருக்க வேண்டும். மேல்தோல் சலசலவென்று காய்ந்திருந்தால் நல்லது. கறுப்புத் தூள் வெளித்தோலில் மட்டும் என்றால் அந்தத் தோலை உரித்துக் கழுவிப் பாவிக்கலாம், உள்ளே இறங்கியிருந்தால் வேண்டாம். முளைத்த வெங்காயம் நஞ்சு அல்ல, அன்றோ மறுநாளோ சமைத்துவிடலாம், முளையையும் சேர்த்து வறுக்கலாம். ஆனால் அது வைத்துப் பாவிக்க உதவாது, ஆகவே நல்ல வெங்காயத்தின் விலையை அதற்குக் கொடுக்கத் தேவையில்லை.

தோட்டத்தில் இருந்து நேரே வந்த பச்சை வெங்காயம் பார்ப்பதற்குப் பளபளவென்று இருக்கும். 'புது வெங்காயம்' என்று சொல்லி விற்பார்கள். அதற்குள் தண்ணீர் அதிகம், தாளும் மண்ணும் கூடவே நிறையில் சேரும். இரண்டு மூன்று நாளில் சமைக்க என்றால் வாங்குங்கள், தாளைச் சுண்டலாம். மாதக் கணக்கில் வைப்பதற்கு என்றால் காய்ந்ததைத்தான் கேட்க வேண்டும்.

வந்ததைச் சொப்பிங் பையிலேயே கட்டி வைப்பவர்கள் பலர். வியர்த்து ஒரே கிழமையில் நாறிவிடும். காற்றுப் போகும் வலைப் பையில், நிழலில், உயரத்தில் தூக்கி வையுங்கள். உருளைக்கிழங்கோடு ஒரே பெட்டியில் போட வேண்டாம், ஒன்றின் ஈரம் மற்றதைக் கெடுக்கும். அப்பப்பாவின் கொட்டிலில் பிடி பிடியாகத் தொங்கியதற்கும் இதுதான் காரணம். அந்தக் காலத்தவர்கள் நமக்கு முன்னரே எல்லாம் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று சொல்வது எனக்குப் பிடிக்காது, ஆனால் இந்த விஷயத்தில் உண்மை.

இனிச் சட்டம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, நீங்கள் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தர வேண்டும். கொப்பிக் கணக்கு வைத்திருக்கும் சகோதரிகள் இதைக் கவனியுங்கள். கொப்பி கடையில் இருக்கிறது, உங்களிடம் எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு துண்டில் நிறையும் விலையும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வியாபாரத் தராசுகள் வருடத்துக்கு ஒரு முறை அளவீட்டு அலகுகள் திணைக்களத்தால் பரிசோதித்து முத்திரையிடப்பட வேண்டும். முறைப்பாடு செய்ய 1977 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். தோட்டக்காரர்கள் மறக்காத ஆண்டும் அதே எண்தான், என்ன செய்வது! சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும்.

இதையெல்லாம் ஒரு மாதர் சங்கக் கூட்டத்தில் சொன்னேன். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். பின்னால் இருந்த ஒரு சகோதரி எழுந்து, "மிஸ், ஒரு கிலோ வெங்காயத்துக்குக் கொழும்புக்குப் போன் எடுக்கச் சொல்லுறியளா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் கேட்டது சரி. தனியே ஒருவர், கடனில் வாங்குபவர், அழைக்க மாட்டார்.

ஏழு வீட்டுச் சாக்கு

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அக்காவின் ஒழுங்கையில் ஏழு வீட்டுப் பெண்கள் சேர்ந்து ஒன்று செய்தார்கள். யோசனை என்னுடையது அல்ல, அக்காவின் இளைய மகளுடையது. ஏழு வீட்டு ஓடரையும் ஒரே தொலைபேசியில், ஒரே நாளில் கொடுக்கத் தொடங்கினார்கள். வட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவதால் கேட்டது என்ன என்பதற்கு எழுத்து இருக்கிறது. வெங்காயம் வந்தவுடன் அக்காவின் திண்ணையில் சுளகில் கொட்டி, தொங்கு தராசில் நிறுத்து, படம் எடுத்து, அதே இடத்துக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். திட்டுவதில்லை. 'ஐயா, 22 கிலோ கேட்டோம், 21 கிலோ 200 கிராம் இருக்கிறது, ஒரு கிலோ நைந்தது' என்று மட்டும் எழுதுகிறாள் மகள்.

முதல் இரண்டு முறை பதில் இல்லை. மூன்றாவது முறை ஐயா தானே பேசினார். "நைஞ்சதைத் தம்பியிட்டைக் குடுத்து விடுங்கோ, கழிச்சு விடுறன்." கட்டி வைத்ததை அனுப்பாமல் இப்போது புதிதாக நிறுத்து அனுப்புகிறார். ஏழு வீட்டுக்கும் ஒரே பயணம் என்பதால் கொண்டுவரும் கூலி வீட்டுக்கு 200 ரூபாவாக இருந்தது 50 ரூபாவாகக் குறைந்தது. கொப்பியை மூடுவார் என்று அக்கா பயந்தது நடக்கவில்லை. ஏழு கொப்பிகளையும் ஒரே நாளில் மூட எந்தக் கடைக்காரரும் விரும்ப மாட்டார். ஆனால் எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். இன்னொரு கிராமத்தில் இதே முயற்சி இரண்டாம் கிழமையே குழம்பியது. யார் வீட்டுத் திண்ணையில் கொட்டுவது என்பதில் தொடங்கிய கதை பழைய காணிப் பிரச்சினையில் போய் முடிந்தது.

இப்போது அக்கா இன்னொரு முயற்சியில் இறங்கியிருக்கிறார். கடையை விட்டு, வலிகாமத்தில் தோட்டம் செய்யும் ஒரு பெண்ணிடமிருந்து நேரே சின்ன வெங்காயம் எடுப்பது. அந்தப் பெண்ணும் தனியே குடும்பத்தை நடத்துபவர்தான். அரை அந்தர், அதாவது 25 கிலோ, ஒரு சாக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பஸ்ஸில் நடத்துநரிடம் கொடுத்துவிட்டால், சந்தியில் இறக்கி வைப்பார். சந்தியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவது ஒழுங்கையில் சைக்கிள் வைத்திருக்கும் பெண்ணின் பொறுப்பு, அவருக்கு ஒரு கிலோ வெங்காயம் கூலி.

முதல் சாக்கு வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். மழைக்குப் பிறகு கிண்டிய வெங்காயம். மண்ணும் ஈரமும் தாளுமாக வந்து சேர்ந்தது. தராசில் 25 கிலோ சரியாக இருந்தது. ஆனால் அக்கா ஒரு வெங்காயத்தை எடுத்துக் கழுத்தை அழுத்திப் பார்த்தார், முகம் மாறியது. உடனேயே தோட்டக்காரப் பெண்ணுக்கு அழைப்பு எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார்.

"தங்கச்சி, வெங்காயம் வந்திட்டுது. ஆனால் காயேல்லை."

"ஓமக்கா, எனக்கும் தெரியும். கடன் கட்டுற நாள் எண்டு அவசரப்பட்டுக் கிண்டிப்போட்டன். மழையும் விடேல்லை."

இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"சரி, நான் இஞ்சை பரப்பிக் காயவிடுறன். காஞ்சாப் பிறகு எவ்வளவு நிக்குது எண்டு நிறுத்துச் சொல்லுறன். அந்த நிறைக்குக் காசு போடட்டே?"

"அப்பிடியே போடுங்கோ அக்கா. அடுத்த முறை தாள் வாடினாப் பிறகுதான் கிண்டுவன். ஆனால் அக்கா, பாதிக் காசை இண்டைக்கே போட்டு விட ஏலுமே?"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு, பேக்கரி கொடுத்த காசு எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். திண்ணையில் பழைய படங்கு ஒன்றை விரித்து, ஏழு வீட்டுப் பெண்களில் வந்திருந்த நால்வரும் வெங்காயத்தைத் தாளோடு பரப்பத் தொடங்கினார்கள். வெயில் முகத்தில் அடிக்காதபடி ஒன்றின் தாள் மற்றதன் கிழங்கை மூடும்படி அடுக்க வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்தேன். அப்பப்பாவிடம் பார்த்த ஒரே வேலை அது.